உப்புமூட்டைக்குப் பெயர் வைத்தது யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போகும் பேருந்து அனுமந்தையை நெருங்கியதும் நடத்துநர் குரல் கொடுத்தார்: "டோல்கேட்லாம் எறங்கு, டோல்கேட்!" இறங்கி நிமிர்ந்து பார்த்தால் பலகையில் கொட்டை எழுத்தில் 'சுங்கச்சாவடி' என்று இருக்கிறது. சுங்கம் ஒன்றும் நேற்று வந்த சொல் இல்லை. முதலாம் குலோத்துங்கனுக்கு வழங்கிய பட்டமே 'சுங்கம் தவிர்த்த சோழன்'. தொள்ளாயிரம் வருஷம் பழகிய சொல் தலைக்கு மேலே நிற்கிறது. அதன் அடியில் நின்றுகொண்டு எல்லோரும் டோல்கேட் என்கிறோம்.

இதற்காக வருத்தப்பட்டு ஒரு கட்டுரை எழுதலாம். நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அன்று கண்ணில் பட்டது வேறொன்று. ஊருக்குள் போகும் தெருவில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு குனிந்தபடி ஓடினாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். "உப்பு மூட்ட… உப்பு மூட்ட…" என்று இரண்டு பேரும் ராகம் போட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். எதிரில் வந்த பெரியவர் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு, "மூட்டை என்னா வெல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உப்புமூட்டை. நீங்களும் ஏறியிருப்பீர்கள், பிறகு ஒருநாள் சுமந்தும் இருப்பீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைத் தெரியாத குழந்தையைப் பார்ப்பது கடினம். ஆனால் யார் முதலில் சொன்னது? எந்த அகராதிக்காரரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியதில்லை, எந்த அரசாணையும் போட்டதில்லை. உப்பு சுமந்து விற்றவர்களை வாசலில் பார்த்த ஏதோ ஒரு பிள்ளை, முதுகில் தம்பியின் கனம் அழுந்தியபோது, விளையாட்டாகச் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை அந்தச் செயலுக்குப் பெயர் இல்லை. சொன்ன பிறகு வேறு பெயர் தேவைப்படவில்லை. உப்பளமே பார்க்காத கோயம்புத்தூர்க் குழந்தையும் அண்ணன் முதுகில் ஏறினால் உப்புமூட்டைதான்.

பெயரில்லாத ஒன்றுக்கு விளையாட்டாகப் பெயர் வைப்பது தமிழுக்குப் புதிது இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்ல இந்த உப்புக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அனுமந்தையிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளம். பக்கத்தில் கழுவெளி என்ற பெரிய சதுப்பு ஏரி. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கழுவெளி, உப்பளம், பாத்தி, வரப்பு என்று வாயில் வரும் எல்லாமே பழைய தமிழ். நெல்வயலின் பாத்தியும் வரப்பும் அப்படியே உப்புக்கு வந்துவிட்டன. கடல்நீரைப் பயிர் செய்கிறவர்களுக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வயலில் இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு பாத்தியின் ஓரத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் பலகையால் நீரை அலைத்துக்கொண்டிருந்தார். நீரின் மேல் ஆடை மாதிரி மெல்லிசாக ஏதோ மிதந்தது. என்னம்மா அது என்று கேட்டேன்.

"உப்பு பூத்திருக்கு சார். இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சா வாரிடலாம்."

லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் வற்றி வற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். முதலில் மேற்பரப்பில் மெல்லிய தகடாக மிதக்கும். கனம் கூடியதும் அடியில் படியும். இந்த வேதியியல் முழுவதையும் அந்த அம்மா ஒரே வினையில் சொல்லிவிட்டார்: பூத்திருக்கு.

இந்தப் பூத்தலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செடி பூக்கிறது. உப்பு பூக்கிறது. ஈரச் சுவரில் வெள்ளையாகப் படிவதும் உப்பு பூத்தல்தான். பழைய சோற்றில் பூசணம் பூக்கிறது. நெருப்பின் மேல் நீறு பூக்கிறது. வெளிநாடு போன மகனின் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் தாய்க்குக் கண் பூத்துப்போகிறது. பார்வை மங்குவதற்கும் மல்லிகை மலர்வதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மனிதர் எவ்வளவு துணிச்சல்காரராக இருந்திருக்க வேண்டும்! பார்த்துப் பார்த்துக் களைத்த கண்ணில் வெள்ளையாக ஏதோ படர்கிற உணர்வைத் தனக்குள் கவனித்து, அதை உப்புப் பாத்தியோடோ நீறுபடிந்த தணலோடோ சேர்த்துப் பார்த்த மனசு அது. அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரியாது. சொல் இருக்கிறது.

கூசுதலும் இப்படித்தான். உச்சி வெயிலில் உப்பு அம்பாரத்தைப் பார்க்க முடியவில்லை. வெளிச்சம் கீழிருந்தும் மேலிருந்தும் அடிக்கிறது. நாள் முழுக்க அதில் நிற்கிறவர்கள் பாடு பெரும்பாடு. கண் எரியும், நீர் கோக்கும், மாலையில் வீட்டுக்குள் போனால் சற்று நேரம் எதுவும் தெரியாது. இதற்குத் தனியாக என்ன பேர் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "கண்ணு கூசுதும்போம். வேற என்னா பேரு அதுக்கு?" என்றார். கண் கூசும், புளி பட்டால் பல் கூசும், தொட்டால் உடம்பு கூசும், சபையில் நிற்க மனசு கூசும், பொய் சொல்ல நாக்குக் கூசும். ஐந்தும் ஐந்து வகை அனுபவம், ஒரே சுருக்கம். ஆனாலும் உப்பளத்து வெளிச்சத்தால் வருகிற அந்தக் கூச்சம் தெருவிளக்கில் வருகிற கூச்சம் இல்லையே. அதற்கு ஒரு தனிப்பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வெண்கூச்சம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். பிறகு ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். எனக்கு அதுவே பெரிய அங்கீகாரம்.

உப்போடு சேர்ந்து நடந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது சேம அச்சு. சங்க காலத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன வணிகர்களுக்கு உமணர் என்று பெயர். மேடு பள்ளம் தெரியாத வழி, வண்டி நிறையப் பாரம். அச்சு முறிந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப் போனார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் தலைவன் பொகுட்டெழினிக்கு அந்த அச்சைத்தான் உவமை சொல்கிறார். ஆபத்துக்கென்று காத்து வைத்த ஒன்று, இன்று உபயோகப்படாமல் தொங்குகிற ஒன்று, நாளை உயிரைக் காப்பாற்றப் போகிற ஒன்று. இத்தனையும் சேமம் என்ற சின்னச் சொல்லில் அடங்கிவிட்டது. அந்தப் பெயரை அரசவையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள், வண்டி ஓட்டியவர்கள்தான் வைத்திருப்பார்கள்.

இன்று சாலையில் போகும் கார்களின் பின்பக்கத்தில் இருப்பதை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி என்ற தெரு. அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் மாற்றுச்சக்கரம் ஒன்றைத் தயாரித்து விற்றார்கள். அதற்குத் தெருவின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். எங்கோ ஒரு தெருவின் பெயரை நம் ஊர் மெக்கானிக்குகள் காப்பாற்றி வருகிறார்கள். ஸ்டெப்னியை விரட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது நம்மோடு நூறு வருஷம் உழைத்த சொல். உமணரின் சேம அச்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்றுதான் கேட்கிறேன். கைபேசிக்குக் கூடுதலாகத் தூக்கிப் போகும் பவர் பேங்க்கைச் 'சேம மின்' என்று சொல்லிப் பாருங்கள். உமணர் வண்டியின் அச்சுச் சத்தம் கேட்கவில்லையா?

இப்படி இடப்பெயரைச் சொல்லாக்குவதை வைத்தே இரண்டு எழுத்தாளர்கள் ஒரு புத்தகம் போட்டார்கள். டக்ளஸ் ஆடம்ஸும் ஜான் லாயிடும் 1983-இல் வெளியிட்ட 'தி மீனிங் ஆஃப் லிஃப்'. வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் பெயர் இல்லாத அனுபவங்கள் எத்தனையோ இருக்கின்றன. இன்னொரு பக்கம் சாலைப் பலகைகளில் வேலையில்லாமல் நிற்கும் ஊர்ப்பெயர்களும் எத்தனையோ இருக்கின்றன. இதை அதற்குக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அவர்கள் யோசனை. லிஃப் என்பதே ஸ்காட்லாந்தில் டண்டீக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சிற்றூர். அதற்கும் முன்னால், 1754-இல் ஹோரஸ் வால்போல் என்பவர், தேடாமலே நல்லது கிடைப்பதற்கு ஒரு சொல் வேண்டுமென்று யோசித்து, இலங்கையின் பழம்பெயரான செரெண்டிப்பிலிருந்து 'செரெண்டிப்பிட்டி'யை உருவாக்கினார். ஒரு கடிதத்தில் போகிற போக்கில் எழுதியது. இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

நாம் இதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நம்மிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. புதுச்சொல் என்றாலே அது ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஈடாக வர வேண்டும் என்று நினைக்கிறோம். அங்கே ஒன்று இருந்தால்தான் இங்கே ஒன்று. இந்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான சொற்களை ஒவ்வொன்றாகக் கட்டினார். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்தார்கள். இணையம் என்ற அழகான சொல்லைத் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. ஈழத்தில் வெதுப்பகம், குளிர்களி என்று கடைப்பலகையிலேயே எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு அரசின் சொற்குவைத் தளத்தில் லட்சக்கணக்கான சொற்கள் சேர்ந்திருக்கின்றன. இவ்வளவு உழைப்பு இல்லாவிட்டால் இன்று கணினி என்று எழுத நமக்குக் கை வந்திருக்காது.

இந்த உழைப்பு எவ்வளவு சிரமமானது என்பதற்குப் பாரதியே சாட்சி. அனுமந்தையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தவர். 'மெம்பர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி அவர் பட்ட பாட்டை ஒரு கட்டுரையில் மனம் திறந்து எழுதியிருக்கிறார். அவயவி, அங்கத்தான், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டு, இன்னொரு முறை யோசித்துச் சொல்கிறேன் என்று விட்டுவிடுகிறார். தமிழின் மகாகவி தோற்றதை ஒப்புக்கொண்டு எழுதிய அந்தப் பத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் உறுப்பினர் வந்தது, நிலைத்தது. அவர் உறுப்பாளி வரைக்கும் வந்துவிட்டார் என்பதையும் கவனியுங்கள்; ஒரு விகுதி தூரம்தான் பாக்கி இருந்தது.

செல்ஃபிக்கு மட்டும் நம்மிடம் தாமி, தற்படம், தம்படம், சுயமி என்று நாலு சொல் உண்டு. நாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் செல்ஃபி எடுக்கும்போது கை நீட்டி, கழுத்தைச் சாய்த்து, மூச்சை அடக்கி, ஒரு விநாடி எல்லோரும் ஒரே முகமாகிறோமே, அந்த முகத்துக்கு எந்த மொழியிலாவது பெயர் இருக்கிறதா? நான் கேட்பது அந்த மாதிரிச் சொற்களை. யாருடைய சொல்லுக்கும் ஈடாக வராமல், நாமே முதலில் பார்த்து, நாமே முதலில் சொல்வது.

அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் அவர்களைப் பார்க்க முடியாது, கல்லூரி வாசல் டீக்கடையில் பார்க்கலாம். கடலை போடுவது, பல்பு வாங்குவது, மொக்கை போடுவது, நூல் விடுவது, ஜகா வாங்குவது. பெரியவர்கள் முகம் சுளிக்கும் இந்தச் சொற்களை நான் மனசாரக் கொண்டாடுகிறேன். ஓர் ஆணும் பெண்ணும் ஒன்றுமில்லாததைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் இனிமைக்கு அதற்கு முன்னால் என்ன பெயர் இருந்தது? கொறிக்கக் கொறிக்கத் தீராத கடலையை அதோடு சேர்த்த கண் சாதாரணக் கண்ணா? பெருமையாக ஏதோ சொல்லப் போய் எல்லோர் முன்னாலும் அசடு வழிந்து நிற்கும் கணம் ஆதாம் காலத்திலிருந்து இருக்கிறது. பல்பு வாங்கியது என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் நம் பிள்ளைகள்.

கடலில் போகிறவர்களும் அப்படித்தான். நாக்கு மாதிரித் தட்டையாக இருந்தால் நாக்கு மீன். முதுகுத் துடுப்பைத் தோகையாக விரித்தால் மயில் மீன். தலை இரண்டு பக்கமும் நீண்டால் கொம்பன் சுறா. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர். மரத்தைக் கட்டி மிதக்க விட்டதற்குக் கட்டுமரம் என்று பெயர் வைத்தார்கள். அதையே ஆங்கிலம் கேட்டமரன் என்று வாங்கிக்கொண்டது.

ஆனால் பெயர் வைக்க முடியாமல் வாயடைத்துப்போன நாளும் இந்தக் கரைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26. காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது இந்தக் குப்பங்களில் யாருக்கும் அதற்குச் சொல் தெரியாது. கடல் பொங்கிடுச்சு, கடல் உள்ள வந்துடுச்சு என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். தமிழில் கடல்கோள் என்ற பழஞ்சொல் இருந்தது, ஏட்டில் இருந்தது. பத்திரிகைகள் ஆழிப்பேரலை என்று எழுதின, கம்பீரமான சொல். ஆனால் கரையில் நிலைத்தது ஜப்பானியர் தந்த சுனாமிதான். அதை இரவல் என்று நான் எண்ணுவதில்லை. அதற்குப் பிறகு அந்த மக்கள் அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டித் தந்த வீடு 'சுனாமி வீடு' ஆயிற்று. காலமே இரண்டாகப் பிரிந்து 'சுனாமிக்கு முன்னாடி', 'சுனாமிக்கு அப்புறம்' என்றாகிவிட்டது. எந்த ஜப்பானியரும் இந்தப் பொருளில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இழப்பைச் சுமந்தவர்கள் தாங்களே பிசைந்து தமிழாக்கிக்கொண்ட சொல் அது. விளையாட்டில் மட்டும்தான் சொல் பிறக்கும் என்று நான் சொன்னால், இந்தக் கரை என்னை மன்னிக்காது.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு, பெயரில்லாத சிலவற்றுக்குப் பெயர் வைத்துப் பார்த்தேன்.

நடைபாதையில் எதிரே வருகிறவருக்கு வழிவிட நாம் இடப்பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, நாம் வலப்பக்கம் போக, அவரும் வலப்பக்கம் வர, இரண்டு பேரும் சிரித்துவிடுகிறோமே, அது ஒதுங்காட்டம். ஒதுங்குகிற ஆட்டம் என்றும் பிரிக்கலாம், ஒதுங்காத ஆட்டம் என்றும் பிரிக்கலாம். சிலேடை பாடிய காளமேகப் புலவர் பிறந்த மண்ணில் இந்தச் சலுகை உண்டு.

பேருந்தில் அசந்து தூங்கி, நம் ஊருக்குச் சரியாக ஒரு நிறுத்தம் முன்னால், யாரும் எழுப்பாமலே கண் திறக்கிறதே, அது இறங்குவிழிப்பு.

"சரி, வரேன்" என்று எழுந்து, செருப்பும் மாட்டி, அதற்குப் பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவோமே, உள்ளே உட்கார்ந்து பேசாத முக்கியமான விஷயமெல்லாம் அப்போதுதான் வருமே, அது வாசற்பேச்சு. கல்யாணச் செய்தியும் கடன் கேட்பதும் பெரும்பாலும் வாசற்பேச்சில்தான்.

உழைத்த சட்டையில் வியர்வை காய்ந்து முதுகில் வெள்ளைக் கோடுகளாகப் படிகிறதே, அது உப்புக்கோலம். உப்பளத்தில் ஒவ்வொரு முதுகிலும் அது இருந்தது.

இன்னொன்று. படகு கரையிலிருந்து வெகுதூரம் போனதும் கைபேசியில் சிக்னல் போய்விடுகிறது. திரும்பி வரும்போது ஏதோ ஓர் இடத்தில், கரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் முன்பே, இரவெல்லாம் தேங்கி நின்ற செய்திகள் மொத்தமாக வந்து சட்டைப் பையில் அடுக்கடுக்காக ஒலிக்கும். வீட்டில் தேடியிருக்கிறார்கள், கரை வந்துவிட்டது என்ற இரண்டு சேதியையும் ஒன்றாகச் சொல்லும் ஒலி. அதற்குக் கரைமணி என்று பெயர் வைத்திருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் இதைவிட நல்லதாக ஒன்று வைத்திருந்தால் என்னுடையதை அடித்துவிடத் தயார்.

இவற்றில் எது நிற்கும், எது போகும் என்பது என் கையில் இல்லை. சொல்லுக்கு அரசாணையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை தானாகச் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டிலும் இருக்கும். குழந்தை மழலையில் சொல்லி, பிறகு எல்லோரும் சொல்லத் தொடங்கிய சொல். பாட்டி மட்டும் சொல்லும் சொல். அண்ணன் தம்பிக்குள் மட்டும் புரிகிற சொல். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாததால் அதைச் சொல் என்றே நாம் எண்ணுவதில்லை. பாட்டி போனால் அதுவும் போய்விடும். அதனால் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சொல்லையும், அது எதைக் குறிக்கிறது என்பதையும், யார் முதலில் சொன்னது என்பது ஞாபகமிருந்தால் அதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம், ஓர் அஞ்சலட்டை போதும்.